வெப்பநிலை சென்சார் சொல்வதை நம்பலாமா? எக்செல்லில் சோதித்துப் பார்ப்போம்

எங்கள் ஊர் கம்பைநல்லூர், தர்மபுரி மாவட்டம். எங்கள் பக்கம் குளிர் என்றால் மார்கழி விடியற்காலையில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போவதுதான். தண்ணீர் உறைவதை ஃப்ரிட்ஜுக்குள் மட்டுமே பார்த்து வளர்ந்தவன் நான். அப்படிப்பட்ட நான் உறைபனி எச்சரிக்கை செய்யும் ஒரு பெட்டியைத் தயாரித்தேன். அதன் விளைவாக என் மாமாவின் அரை ஏக்கர் உருளைக்கிழங்குச் செடிகள் ஒரே இரவில் கறுத்துப் போயின. இந்தப் பாடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பயப்பட வேண்டாம், புரோகிராம் எழுதச் சொல்லப் போவதில்லை. உங்கள் கம்ப்யூட்டரில் எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க், இரண்டில் ஒன்று இருந்தால் போதும். வீட்டு மாடியில் வைக்கும் சிறிய வானிலைக் கருவியாக இருந்தாலும், தோட்டத்தில் வைத்த சென்சாராக இருந்தாலும், யாரோ அனுப்பிய டேட்டா பைலாக இருந்தாலும் இதே முறையில் சோதிக்கலாம்.

முதலில் நடந்ததைச் சொல்லி விடுகிறேன். அக்காவைக் கட்டிக் கொடுத்தது ஊட்டிப் பக்கம். மாமா அங்கே குத்தகைக்கு நிலம் எடுத்துக் காய்கறி செய்கிறார். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, வானம் துடைத்து விட்டது போல இருக்கும் இரவுகளில், ஊட்டி, தலைக்குந்தா பக்கத்துப் பள்ளங்களில் புல்வெளி விடியற்காலையில் உப்புத் தூவியது போல வெளுத்து விடும். அந்த உறைபனி பட்ட இலை வெயில் ஏறியதும் வெந்தது போலச் சுருண்டு விடும். அதனால் ஊட்டி தாவரவியல் பூங்காவில்கூட அந்த மாதங்களில் செடிகளைக் கோத்தகிரி மலார் போட்டு மூடி, விடியற்காலையில் தண்ணீர் தெளிப்பார்கள். மாமாவும் நாலு மணிக்கு எழுந்து, டார்ச் அடித்துப் புல்லைப் பார்த்து, வெளுக்க ஆரம்பித்திருந்தால் ஸ்பிரிங்ளரைத் திறந்து விடுவார்.

"எதற்கு மாமா இந்தக் கஷ்டம்?" என்று கேட்டு, நான் ஒரு பெட்டி செய்து கொடுத்தேன். டிஹெச்டி22 என்ற சென்சார். விலை மலிவு, வெப்பநிலை, ஈரப்பதம் இரண்டையும் அளக்கும், மைனஸ் 40 டிகிரி வரை தாங்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அளவெடுக்கும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் வீட்டில் அலாரம் அடிக்கும். கம்பைநல்லூர் வீட்டிலேயே சோதனையும் செய்தேன். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன், 4.2 காட்டியது. திருப்தி. மேலே இருந்த ஃப்ரீசரில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

டிசம்பர் கடைசியில் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு அக்கா போன் செய்தாள். "தம்பி, அலாரமே அடிக்கலடா." பின்னாலிருந்து மாமாவின் குரல்: "மாப்ளே, உன் பெட்டிய நம்பித் தூங்கிட்டேன்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்று மாலை பெட்டி அனுப்பியிருந்த டேட்டாவை எக்செல்லில் திறந்தேன். கிராப் போட்டேன். அழகான வளைந்த கோடு. இரவு முழுக்க மெல்ல இறங்கி, 0.1 வரை வந்து, காலையில் மெல்ல ஏறியிருந்தது. பூஜ்யத்துக்குக் கீழே ஒரு புள்ளிகூட இல்லை. கண்ணெதிரே செடி கருகியிருக்கிறது, டேட்டாவோ குளிரே இல்லை என்கிறது. எது பொய்?

நீங்களும் இது போன்ற ஒரு பைலைத் திறந்து வைத்துக் கொள்ளுங்கள். சேர்ந்து பார்ப்போம்.

திறக்கும் முன் ஒரு நகல்

சென்சார் பைல்கள் பெரும்பாலும் சிஎஸ்வி என்ற வகையில் இருக்கும். டபுள் கிளிக் செய்தால் எக்செல்லில் திறக்கும். அதற்கு முன் அந்த பைலைக் காப்பி செய்து வேறு போல்டரில் பேஸ்ட் செய்து வையுங்கள். அசல் பைலில் எந்தக் காரணத்துக்காகவும் கை வைக்காதீர்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது பிறகு புரியும். திறந்த பிறகு சேவ் ஆஸ் கொடுத்து, எக்செல் வொர்க்புக் வகையில் வேறு பெயரில் சேமியுங்கள்.

தேதியைக் கவனியுங்கள். உங்கள் கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருந்தால் 03/12 என்பதை டிசம்பர் 3 என்று எடுத்துக்கொள்ளாது, மார்ச் 12 என்று எடுத்துக்கொள்ளும். 12ஆம் தேதிக்குப் பிறகு மாதம் 13 என்று ஒன்று இல்லாததால், அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஒரே நெட்டு வரிசையில் சில தேதிகள் வலப்பக்கம் ஒட்டியும் சில இடப்பக்கம் ஒட்டியும் தெரிந்தால் இந்தக் குளறுபடிதான் என்று சந்தேகப்படலாம். கண்ட்ரோல் பேனலில் ரீஜன் பகுதிக்குப் போய் ஆங்கிலம்-இந்தியா என்று மாற்றிவிட்டு, பைலை மறுபடி திறங்கள்.

நேரத்திலும் ஒரு வில்லங்கம் உண்டு. பல கருவிகள் கிரீன்விச் நேரத்தில் பதிவு செய்யும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். தெளிவான இரவில் மிகக் குறைந்த வெப்பநிலை பெரும்பாலும் சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டித்தான் வரும். உங்கள் பைலில் தினமும் இரவு ஒரு மணிக்கே அது வந்து, அதற்குப் பிறகு ஏறுமுகமாக இருந்தால் சென்சாரைக் குறை சொல்லாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள்.

என் பைலில் ஏ நெட்டு வரிசையில் நேரம், பி வரிசையில் வெப்பநிலை, சி வரிசையில் ஈரப்பதம். முதல் படுக்கை வரிசையில் தலைப்பு. உங்களுடையதையும் இப்படி அமைத்துக் கொண்டால் பின்வருவதை அப்படியே செய்யலாம்.

மிகப் பெரியதும் மிகச் சிறியதும்

பி வரிசையின் கடைசி எண்ணுக்குக் கீழே உள்ள காலி செல்லைக் கிளிக் செய்யுங்கள். ஹோம் டேபில் வலது பக்கம் சிக்மா போன்ற ஒரு குறி இருக்கும், ஆட்டோசம் என்பார்கள். அதன் பக்கத்துச் சிறு அம்புக்குறியைக் கிளிக் செய்தால் மேக்ஸ், மின் என்ற பிரிவுகள் விரியும். மேக்ஸ் தேர்ந்தெடுத்து என்டர் தட்டுங்கள், அந்த வரிசையின் மிகப் பெரிய எண் வரும். மின்னுக்கும் அப்படியே செய்யுங்கள். ஆனால் மேக்ஸ் விடையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளாமல், மவுஸால் டேட்டாவை மட்டும் தேர்வு செய்ய வேண்டும்.

இதில் சில எண்களை அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. மைனஸ் 9999 வந்தால் அது குளிர் அல்ல. 'அளவு கிடைக்கவில்லை' என்பதற்குப் பல டேட்டா பைல்களில் வைக்கும் குறி. அதைக் கவனிக்காமல் சராசரி எடுத்தால் கதை கந்தலாகி விடும். ஒரு நாளின் 144 அளவுகளில் 143 சரியாக 10 டிகிரி, ஒன்று மட்டும் மைனஸ் 9999 என்று வைத்துக் கொள்ளுங்கள். சராசரி மைனஸ் 59.5 என்று வரும். ஊட்டி அண்டார்டிகாவுக்குக் குடி போய்விடும்.

டிஎஸ்18பி20 என்ற சென்சார் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு எண்கள் பழகியிருக்கும். மின்சாரம் வந்தவுடன், அளக்கும் முன்பே படித்துவிட்டால் அது 85 என்று சொல்லும். ஒயர் கழன்று போனால் அர்டுவினோவில் பலரும் பயன்படுத்தும் புரோகிராம் மைனஸ் 127 என்று காட்டும். இரண்டும் வெப்பநிலை அல்ல, நோய்க்கு அறிகுறி போல.

எல்லையை எங்கே வைப்பது? வானிலைத் தானியங்கி நிலையங்களுக்காக 2004ல் உலக வானிலை அமைப்புக்கு எழுதப்பட்ட தரச் சோதனை வழிகாட்டியில், காற்றின் வெப்பநிலைக்குப் பொதுவான எல்லையாக மைனஸ் 80 முதல் 60 டிகிரி வரை சொல்லப்பட்டுள்ளது. இதில் ஒரு வேடிக்கை. அண்டார்டிகாவின் வாஸ்டாக் நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று மைனஸ் 89.2 டிகிரி பதிவானது. பூமியின் தரைப் பகுதியில் அளக்கப்பட்ட மிகக் குறைந்த வெப்பநிலை அதுதான். இந்த எல்லையைக் கண்மூடிப் போட்டால் உண்மையான உலக சாதனையே குப்பைக்குப் போகும். எல்லை என்பது அந்தந்த இடத்துக்கு ஏற்ப வைக்க வேண்டியது. கம்பைநல்லூரில் மைனஸ் 2 வந்தால் சென்சார் கெட்டது. ஊட்டியில் வந்தால் ஸ்பிரிங்ளரைத் திறக்க வேண்டும்.

என் பைலில் மேக்ஸ் 19.4, மின் 0.1. இரண்டுமே நம்பும்படி இருந்தன. முதல் சோதனையில் என் பெட்டி ஜோராகத் தேறிவிட்டது!

முந்தைய அளவிலிருந்து எவ்வளவு தள்ளி?

டி3 செல்லில் சமக்குறி ஒன்றை டைப் செய்யுங்கள். மவுஸால் பி3 செல்லைக் கிளிக் செய்யுங்கள். கழித்தல் குறி. பிறகு பி2 செல்லைக் கிளிக் செய்து என்டர். இப்போது டி3ன் வலது கீழ் மூலையில் தெரியும் சிறு சதுரத்தை டபுள் கிளிக் செய்தால் கடைசி வரை பார்முலா நிரம்பிவிடும். ஒவ்வொரு அளவும் முந்தையதிலிருந்து எவ்வளவு மாறியது என்று தெரியும்.

கண்ணால் தேட வேண்டாம். டி வரிசை முழுவதையும் தேர்வு செய்து, ஹோம் டேபில் கண்டிஷனல் பார்மேட்டிங், அதில் ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், அதில் கிரேட்டர் தேன் என்று போங்கள். கட்டத்தில் 3 கொடுத்து ஓகே. கால்க் என்றால் பார்மேட் மெனுவில் கண்டிஷனல் என்று இருக்கும். இன்னொரு முறை லெஸ் தேன் எடுத்து மைனஸ் 3 கொடுங்கள். பத்து நிமிடத்தில் மூன்று டிகிரிக்கு மேல் குதித்த இடமெல்லாம் சிவக்கும்.

எனக்குக் காலை 7.50க்கு ஒரு இடம் சிவந்தது. பத்தே நிமிடத்தில் 5.3 டிகிரி ஏற்றம். முந்தைய நாட்களையும் பார்த்தேன். வெயில் அடித்த நாட்களில் எல்லாம் அதே நேரத்தில் அதே குதி. காரணம் கம்ப்யூட்டரில் இல்லை, மோட்டார் ரூம் சுவரில் இருந்தது. பெட்டியைக் கிழக்குப் பார்த்த சுவரில் மாட்டியிருந்தார்கள். மலை முகட்டைத் தாண்டி வரும் முதல் வெயில் நேராகப் பெட்டி மேல் விழுந்தது. சென்சார் காற்றை அளக்கவில்லை, சூடேறிய பிளாஸ்டிக் டப்பாவை அளந்தது.

இது என்னைப் போன்ற கற்றுக்குட்டிக்கு மட்டும் வரும் தவறு என்று நினைக்காதீர்கள். அண்டார்டிகாவின் செமோர் தீவில் 2020 பிப்ரவரி 9 அன்று ஒரு தானியங்கிக் கருவி 20.75 டிகிரி பதிவு செய்தது. அண்டார்டிகாவில் இருபது டிகிரி என்று உலகமெங்கும் செய்தி. உலக வானிலை அமைப்பின் நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். சென்சார் மேல் வெயில் படாமல் தடுக்கும் கவசம் அங்கே கிடைத்ததை வைத்துத் தற்காலிகமாகச் செய்யப்பட்டது, அதனால் அளவு கூடுதலாகக் காட்டியிருக்கிறது என்று முடிவு செய்து 2021 ஜூலையில் அந்த எண்ணை நிராகரித்தார்கள். அதே குழு, மூன்று நாள் முன்பு 2020 பிப்ரவரி 6 அன்று எஸ்பரன்சா நிலையத்தில் பதிவான 18.3 டிகிரியை ஏற்றுக்கொண்டது. பனி மூடிய இடங்களில் வெயில் மேலிருந்து மட்டும் வராது, கீழே உள்ள வெண்பனியில் பட்டுத் திரும்பியும் வரும். அதனால் கவசம் அடிப்பக்கமும் மறைக்க வேண்டும், காற்றும் உள்ளே ஓட வேண்டும். நான் பிறகு வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகளை இடைவெளி விட்டு ஒன்றன் கீழ் ஒன்றாகக் கோத்து ஒரு கவசம் செய்தேன். அடுக்கு தீபம் போல இருக்கும். எட்டு மணிக் குதி நின்றுவிட்டது.

அசையாமல் நிற்பது

டி வரிசையில் தொடர்ந்து பூஜ்யமாக வந்தால் அளவு மாறவே இல்லை என்று பொருள். நான் சொன்ன வழிகாட்டியின்படி, ஒரு மணி நேரத்தில் 0.1 டிகிரி அளவுக்குக்கூட மாறாத வெப்பநிலை சந்தேகத்துக்குரியது. இயற்கையில் காற்று அப்படி விறைத்து நிற்பது அபூர்வம். சென்சார் தொங்கிவிட்டிருக்கலாம், பழைய எண்ணையே திரும்பத் திரும்ப அனுப்பிக் கொண்டிருக்கலாம்.

ஆனால் குளிர்ப் பிரதேசத்தில் இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஈரமான சென்சார் மேல் உள்ள தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடும். அதனால் சுற்றிலும் குளிர் கூடினாலும், அந்தத் தண்ணீர் முழுக்க உறையும் வரை சென்சார் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கக்கூடும். கருவி பழுதில்லை, ஆனால் அப்போது அது காற்றின் வெப்பத்தைச் சொல்லவுமில்லை. லடாக் போன்ற இடங்களில் இன்னும் வேடிக்கை. காற்றின் வேகத்தை அளக்கும் கிண்ணங்கள் பனியில் உறைந்து நின்றுவிட்டால் மணிக்கணக்கில் 'காற்றே இல்லை' என்று பதிவாகும். சூடேற்றும் வசதி இல்லாத மழைமானியில் விழுந்த வெண்பனி அப்படியே கிடந்து, மறுநாள் வெயிலில் உருகும்போது 'மழை' என்று பதிவாகும். பளிச்சென்ற வெயில் நாளில் மழை! இதையெல்லாம் கண்டுபிடிக்க ஒரே நெட்டு வரிசையைப் பார்த்துப் பயனில்லை, பக்கத்து வரிசையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனையிலும் என் பெட்டி தேறியது. அன்று இரவு ஒன்பதரை மணி ஆகியிருந்தது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக் கொண்டே இருந்தார்.

எண்ணிப் பார்ப்பது

இனி சொல்லப் போவதுதான் எல்லாவற்றிலும் சுலபம், என்னைக் காட்டிக் கொடுத்ததும் இதுதான். பத்து நிமிடத்துக்கு ஒரு அளவு என்றால் மணிக்கு ஆறு. ஒரு நாளைக்கு 144. ஒரு நாளின் அளவுகளை மட்டும் மவுஸால் தேர்வு செய்யுங்கள். எக்செல் திரையின் அடியில் உள்ள ஸ்டேட்டஸ் பாரில் கவுண்ட் என்று ஒரு எண் தெரியும். கால்க்கில் தெரியாவிட்டால் அந்த இடத்தில் ரைட் கிளிக் செய்து கவுண்ட் தேர்ந்தெடுங்கள்.

எனக்கு வந்தது 125. பத்தொன்பது அளவுகளைக் காணோம்!

எங்கே போயின என்று பார்க்க, ஈ3 செல்லில் முன்பு போலவே சமக்குறி போட்டு, ஏ3 செல்லில் இருந்து ஏ2 செல்லைக் கழித்து, கீழே வரை நிரப்புங்கள். வினோதமான எண்கள் தெரிந்தால் பார்மேட் செல்ஸ் போய் டைம் வகையைக் கொடுங்கள். எல்லா இடத்திலும் பத்து நிமிடம் என்று வர வேண்டும். எனக்கு ஒரே ஒரு இடத்தில் மூன்று மணி இருபது நிமிடம் என்று வந்தது. விடியற்காலை 4.00 மணிக்கு 0.1. அடுத்த வரிசை 7.20க்கு 0.2. நடுவில் ஒன்றுமே இல்லை. கிராப் அந்த இரண்டு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைத்துவிட்டதால், பள்ளத்தின் மேல் பலகை போட்டது போல ஓட்டை மறைந்து போயிருந்தது. அதனால்தான் சொல்கிறேன்: கிராப் போடும்போது லைன் வகையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஸ்கேட்டர் வகையில், கோடு இல்லாமல் புள்ளிகள் மட்டும் தெரியும்படி எடுங்கள். அளவு இல்லாத இடம் வெறுமையாகத் தெரியும்.

அந்த மூன்று மணி நேரம்தான் மாமாவின் செடிகள் கருகிய நேரம்.

நல்ல வேளையாக, பெட்டிக்குள் இருந்த மெமரி கார்டில் சென்சார் சொன்னதை அப்படியே எழுதும்படி முன்பே வைத்திருந்தேன். சோம்பேறித்தனத்தால் அதை நீக்காமல் விட்டது நல்லதாயிற்று. கார்டைக் கழற்றிக் கூரியரில் அனுப்பச் சொன்னேன். திறந்து பார்த்தால் 4.10க்கு 3277.2 டிகிரி என்று இருந்தது. அடுத்து 3277.6. அதிகபட்சம் ஆறு மணியளவில் 3278.5.

விஷயம் இதுதான். டிஹெச்டி22 வெப்பநிலையைப் பத்தால் பெருக்கி முழு எண்ணாக அனுப்பும். 4.2 என்றால் 42. மைனஸ் 0.4 என்றால் 4 என்று எழுதி, அதற்கு முன்னால் 'இது மைனஸ்' என்று ஒரு கொடி போடும். என் புரோகிராம் அந்தக் கொடியைக் கொடியாகப் பார்க்காமல் எண்ணின் ஒரு பகுதியாகப் படித்தது. அந்த இடத்தின் மதிப்பு 32768. அத்துடன் 4 கூட்டினால் 32772, பத்தால் வகுத்தால் 3277.2. பூஜ்யத்துக்கு மேலே இருக்கும் வரை கொடியே வராது, எல்லாம் சரியாக இருக்கும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் தெரியாத தவறு ஊட்டியில் தெரிந்தது.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. 3277 டிகிரி என்று திரையில் வந்திருந்தால் குழந்தைகூட ஏதோ கோளாறு என்று சொல்லியிருக்கும். நானோ புத்திசாலித்தனமாக '60க்கு மேல் வந்தால் அந்த வரிசையை நீக்கிவிடு' என்று இன்னொரு வரி எழுதியிருந்தேன். அதனால் குளிர் பூஜ்யத்தைத் தாண்டிய ஒவ்வொரு அளவும் சத்தமில்லாமல் அழிந்தது. பூஜ்யத்துக்குக் கீழே வந்தால் அடிக்க வேண்டிய அலாரத்துக்கு, பூஜ்யத்துக்குக் கீழே எந்த எண்ணும் போய்ச் சேரவே இல்லை.

சரி செய்வது எளிது. 3276.8ல் இருந்து அந்த எண்ணைக் கழித்தால் உண்மையான அளவு கிடைக்கும். 3278.5க்குக் கழித்துப் பாருங்கள், மைனஸ் 1.7 வரும். அழிக்காமல் விட்டதால் இது முடிந்தது.

நீக்காதீர்கள், குறி போடுங்கள்

சந்தேகமான அளவைக் கண்டால் எஃப் வரிசையில் பக்கத்திலேயே ஒரு குறிப்பு எழுதுங்கள். 'குதி', 'நின்றது', 'எல்லை மீறல்' என்று ஒரு சொல் போதும். பிறகு டேட்டா டேபில் பில்டர் கிளிக் செய்து, குறி உள்ளவற்றை மட்டும் தனியாகப் பாருங்கள். கணக்கில் சேர்க்காமல் விடலாம், ஆனால் எண் அங்கேயே இருக்கட்டும்.

இதற்கு ஒரு பெரிய கதை இருக்கிறது. அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் குறைவதை பார்மன், கார்டினர், ஷாங்க்லின் என்ற மூன்று பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ஹாலி நிலையத்தின் தரைக் கருவியைக் கொண்டு கண்டுபிடித்து 1985 மே மாதம் வெளியிட்டார்கள். நாசாவின் நிம்பஸ் 7 செயற்கைக்கோள் 1978 முதலே மேலிருந்து ஓசோனை அளந்து கொண்டிருந்தது. அதற்கு எப்படித் தெரியாமல் போனது? 180 என்ற அளவுக்குக் கீழே வந்த எண்களைச் 'சந்தேகம்' என்று குறி போடும்படி அதன் புரோகிராம் எழுதப்பட்டிருந்தது. நாசாவின் கம்ப்யூட்டர் அந்த டேட்டாவை அழித்துவிட்டது என்று பலரும் சொல்வார்கள், அது சரியல்ல. குறி போட்டு வைத்திருந்தது. அந்தக் குறிகள் ஒரே இடத்தில் குவிவதைப் பார்த்த நாசா குழு, அதில் நம் இந்தியாவில் பிறந்த பவன் பார்த்தியாவும் ஒருவர், தென் துருவ நிலையத்தின் தரைக் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தது. அந்தக் கருவி 300 என்று சாதாரண அளவையே காட்டியது. பிறகுதான் தெரிந்தது, அந்தத் தரைக் கருவி தவறாக அமைக்கப்பட்டிருந்தது. குறி மட்டும் போட்டு எண்களை வைத்திருந்ததால், நாசாவால் திரும்பிப் போய் முழுத் துளையையும் படமாகக் காட்ட முடிந்தது.

பக்கத்து வீட்டைக் கேட்பது

மேலே சொன்ன கதையைப் படித்துவிட்டு ஒப்பிடுவதே வீண் என்று நினைக்க வேண்டாம். 2024 மே 29 அன்று டெல்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி காட்டியது. அன்று டெல்லியின் மற்ற இடங்களில் 45.2 முதல் 49.1 வரைதான். இந்திய வானிலைத் துறை ஆட்களை அனுப்பி, நம்பகமான கருவியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. அந்த சென்சார் சுமார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டுவது தெரிந்தது. வெயிலுக்குச் செய்த அதே வேலையைக் குளிருக்கும் செய்யலாம்.

நான் ஒரு சாதாரண ஆல்கஹால் தெர்மாமீட்டரை வாங்கி அனுப்பி, மாமாவை உருளைக்கிழங்குப் பாத்தியிலேயே ஒரு குச்சி நட்டுக் கட்டச் சொன்னேன். தினமும் விடியற்காலை அதைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதினார். எக்செல்லில் ஜி வரிசையில் அதை ஏற்றிக் கழித்துப் பார்த்தேன். வானம் மூடியிருந்த இரவுகளில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. தெளிவான இரவுகளில் மட்டும் பாத்தி இரண்டு டிகிரி வரை கூடுதல் குளிர். இங்கே இரண்டு கருவியும் பொய் சொல்லவில்லை. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் போலப் பள்ளத்தில் போய்த் தேங்கும். வானிலை நிலையங்களில் தெர்மாமீட்டரைத் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் வைப்பார்கள். தெளிவான, காற்றில்லாத இரவில் அந்த உயரத்தில் 2 டிகிரி இருக்கும்போதே கீழே புல்லில் பனி உறைந்து விடலாம். எங்கள் சென்சாரோ பகலெல்லாம் வெயில் குடித்த மோட்டார் ரூம் சுவரில் ஒட்டியிருந்தது. பூஜ்யத்தில் அலாரம் வைத்ததே என் சமவெளிப் புத்தி. புரோகிராமில் தவறே இல்லாமல் இருந்திருந்தாலும் அலாரம் தாமதமாகத்தான் அடித்திருக்கும்.

கருவியையும் அதன் இடத்தையும் பிறகு சோதித்தது ஒரு பெரிய சாதனைக்கும் உதவியது. கிரீன்லாந்தின் கிளிங்க் என்ற இடத்தில் 1991 டிசம்பர் 22 அன்று தானியங்கிக் கருவி ஒன்று மைனஸ் 69.6 டிகிரி பதிவு செய்தது. யாரும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. இரண்டு ஆண்டு வேலைக்குப் பிறகு அந்தக் கருவியைத் திரும்பக் கொண்டுவந்து ஆய்வுக்கூடத்தில் சோதித்து வைத்திருந்தார்கள். அந்தப் பழைய விவரங்கள் பத்திரமாக இருந்ததால், ஏறத்தாழ 29 ஆண்டுகள் கழித்து 2020 செப்டம்பரில் உலக வானிலை அமைப்பு அதை வடக்கு அரைக்கோளத்தின் மிகக் குறைந்த வெப்பநிலையாக ஏற்றுக்கொண்டது.

வீட்டிலேயே பூஜ்யத்துக்குக் கீழே

சமவெளியில் இருக்கும் நாம் மைனஸ் டிகிரியை எப்படிச் சோதிப்பது? ஃப்ரீசர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் குல்பி ஐஸ்காரரின் வித்தைதான். ஐஸை உடைத்து ஒரு பாத்திரத்தில் போட்டு, மூன்றில் ஒரு பங்கு கல் உப்பைக் கலந்து கிளறுங்கள். பூஜ்யத்துக்கு வெகு கீழே இறங்கிவிடும், வெறும் கையால் தொடாதீர்கள். சென்சாரைப் பாலிதீன் கவரில் போட்டு வாயை இறுகக் கட்டி, ஒரு சில்வர் டம்ளருக்குள் வைத்து, டம்ளரை அந்த ஐஸுக்குள் அமுக்கி வையுங்கள். தண்ணீர் உள்ளே போனால் டிஹெச்டி22 செத்துவிடும். அரை மணி நேரம் பதிவாகட்டும். பிறகு பைலைத் திறந்து, பூஜ்யத்தைத் தாண்டும் இடத்தில் எண்கள் தொடர்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். 0.2, 0.1, பிறகு மைனஸ் 0.1 என்று படிப்படியாக இறங்க வேண்டும். ஓட்டை விழுந்தாலோ மூவாயிரத்துக்குத் தாவினாலோ எங்கே தேட வேண்டும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

இந்த வருடமும் கார்த்திகையில் பெட்டியை மலைக்கு அனுப்பும் முன் எங்கள் வீட்டுச் சமையலறையில் இந்தச் சோதனையைச் செய்தேன். மைனஸ் 6.3 வரை ஒரு வரிசைகூடத் தவறாமல் வந்தது. அலாரம் இப்போது 3 டிகிரியில் அடிக்கும்படி இருக்கிறது. சுவரை விட்டு விலக்கிப் பாத்தி ஓரத்தில் கம்பம் நட்டு மாட்டியிருக்கிறார்கள். அரை மணி நேரம் எந்த அளவும் வராவிட்டாலும் அலாரம் அடிக்கும், அதைத் தனியாகச் சேர்த்தேன். அக்கா சொல்கிறாள், அலாரம் அடிக்கும் போதெல்லாம் மாமா ஏற்கனவே எழுந்து டார்ச்சோடு வெளியே நிற்கிறாராம்.